யுனிவர்சல் ஸ்டூடியோவில் ஒரு நாள்: அந்தக் காசுக்குப் பாசிக்குடா போதாதா?

27 ஏப்ரல் 2025 – அக்கரைப்பற்று வாசகர் ஒருவரின் கேள்வி

இந்தப் புத்தாண்டு விடுமுறையில் நம் பக்கத்துக் குடும்பங்கள் சில சிங்கப்பூர் போய், யுனிவர்சல் ஸ்டூடியோ என்ற சவாரிப் பூங்காவில் ஒரு நாள் கழித்துவிட்டு வந்திருக்கின்றன. எனக்கு இது விளங்கவில்லை. நாள் முழுவதும் வரிசையில் நின்று, மூன்று நிமிடம் கத்திவிட்டு இறங்குவதற்கு இவ்வளவு காசா? அந்தக் காசில் பாசிக்குடாவில் அறை எடுத்துப் பிள்ளைகளை ஒரு கிழமை கடலில் குளிக்க விடலாமே. போனவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

28 ஏப்ரல் 2025, இரவு

நான் போனேன். ஏப்ரல் 16, புதன்கிழமை. நான், கணவர், பதினொரு வயது மகன், ஆறு வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா என்று மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து ஐந்து பேர். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசு. ஒரு சிங்கப்பூர் வெள்ளி அப்போது 225 ரூபாயைத் தாண்டியிருந்தது. எவ்வளவு செலவானது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் யாராவது வீண் என்றால் சுருக்கென்று தைக்கிறது.

வரிசை பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் வரிசை நாள் முழுவதும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. கதவு திறந்த முதல் ஒரு மணி நேரமும் மூடுவதற்கு முந்திய ஒரு மணி நேரமும் காற்றாடும். நடுவில்தான் நெரிசல். திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் நின்றுவிட வேண்டும். உள்ளே போனதும் முதல் கடையிலும் முதல் படம் எடுக்கும் இடத்திலும் நிற்காமல் பெரிய சவாரிக்கு நேரே நடக்க வேண்டும்.

பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கிறது. மொத்தம் 20 ஹெக்டயர்தான், பயப்படும் அளவுக்குப் பெரிதில்லை. வாசலில் ஹொலிவூட் பகுதி. அங்கிருந்து வலப்பக்கமாகப் போனால் நியூயோர்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, கடைசியாக இந்த வருடம் பெப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட். பெரிய ரோலர் கோஸ்டர் சை-ஃபை சிட்டியில் இருக்கிறது. இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. உச்சி 42.5 மீற்றர். நமது பாலமீன்மடு வெளிச்சவீடு 28 மீற்றர். அதன் மேல் பாதி வெளிச்சவீட்டை ஏற்றி வைத்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு. நாங்கள் போன நாளில் பத்து மணிக்குக் கதவு திறந்தது. பத்தரைக்குள் மகனும் கணவரும் அதில் ஏறி இறங்கி வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் காத்திருக்கும் நேரம் 50 நிமிடம் என்று பலகை காட்டியது.

ஆகவே என் பதில்: பெரியதை முதலில், தூரத்தில் இருப்பதை முதலில், சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே. இப்படிச் செய்தால் காசு வீண் இல்லை.

அதே இரவு

படுக்கப் போகும் முன் ஒன்று. சிங்கப்பூர் நேரம் நம்முடையதை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை பத்து மணி என்றால் நம் உடம்புக்கு ஏழரை. வாசலில் ஒன்பதே காலுக்கு நிற்பதற்குப் பிள்ளைகளை ஏழு மணிக்கு எழுப்ப வேண்டும், அதாவது இங்கத்தைய நாலரை. போய்ச் சேர்ந்த மறுநாளே பூங்கா வைக்காதீர்கள். நாங்கள் புத்தாண்டன்று இரவு வான் பிடித்துக் கட்டுநாயக்கா போய், 15ஆம் திகதி பறந்து, 16ஆம் திகதியே பூங்காவுக்குப் போனோம். இடையில் ஒரு நாள் விட்டிருக்க வேண்டும்.

1 மே 2025

விசா பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் சுற்றுலா விசா தேவையில்லை. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையத்தளம் எதுவாக இருந்தாலும் அதை மூடிவிட்டு, சிங்கப்பூர் குடிவரவு அதிகார சபையின் தளத்துக்கே போங்கள்.

பூங்கா டிக்கெட் நான்கு வயதுக்குக் கீழே தேவையில்லை. 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம்.

போகும் வழி: ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, மேலே உள்ள விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் சென்டோசா ரயில் ஏறலாம். அல்லது கடல் மேல் போட்டிருக்கும் நடைபாதையில், பூங்கா இருக்கும் சென்டோசாத் தீவுக்கு நடந்தே போகலாம். காலையில் நடந்தோம். கல்லடிப் பாலத்தில் நடப்பது போல இருக்கிறது என்றார் அம்மா.

4 மே 2025

மகளின் உயரம் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நான் சொல்வது பாதி உண்மையாகிவிடும்.

பெரிய பூங்காக்களில் வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. பாதுகாப்புப் பட்டி பிள்ளையின் தோளிலும் இடுப்பிலும் சரியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சவாரிக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125 சென்றிமீற்றர். பண்டைய எகிப்துப் பகுதியில் இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டருக்கு 122. லாஸ்ட் வேர்ல்டில் வட்ட மிதவையில் போகும் ஆற்றுச் சவாரிக்கு 107. சை-ஃபை சிட்டியில் முப்பரிமாணத் திரைச் சவாரிக்கு 102. காலைத் தொங்கவிட்டு மரங்களுக்கு மேலே போகும் கனோபி ஃபிளையருக்கு 92. இந்த எண்களைப் பிள்ளையின் காதில் போடும் முன் பிள்ளையை அளந்துவிடுங்கள். சரியாக அளந்துவிடுங்கள்.

நான் அளந்தேன். போவதற்கு ஒரு கிழமை முன், குசினிக் கதவு நிலையில் மகளை நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலை வைத்துக் கோடு போட்டேன். 122.5. "எகிப்துச் சவாரிக்கு நீயும் வரலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு கிழமையும் பள்ளிக்கூடத்தில், கடையில், பக்கத்து வீட்டு மாமியிடம் எல்லாம் தான் எகிப்துக்குப் போவதாகச் சொல்லித் திரிந்தாள்.

அங்கே வாசலில் அளவுக்கம்பம் இருக்கிறது. ஊழியப் பெண் மிகவும் பொறுமையாக இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார். தலைக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. மகள் குதிகாலை உயர்த்தினாள். அந்தப் பெண் குனிந்து அவள் குதிகாலை மெதுவாகத் தொட்டுக் கீழே இறக்கினார். மகள் அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது. பென்சிலைக் கிடையாகப் பிடிக்காமல் முனை மேலே சாயப் பிடித்திருக்கிறேன். சுவரில் விழுந்த கோடு தலையை விட ஒன்றரை சென்றிமீற்றர் உயரத்தில் இருந்தது. தட்டையான கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாக ஒட்டிப் பிடித்து, அதன் அடிவிளிம்பில் கோடு போடுங்கள். பின்னலையும் பூவையும் கழற்றிவிடுங்கள். அன்றைக்குப் போடப் போகும் சப்பாத்தையே போட்டு அளந்து பாருங்கள். அப்படியும் அளவு மயிரிழையில் நின்றால் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

11 மே 2025

ஏப்ரல் 28 அன்று எழுதியதை இன்று மீண்டும் வாசித்தேன். "பெரியதை முதலில்" என்று எவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறேன்! அது மகனுக்கும் கணவருக்கும் பொருந்திய திட்டம். எங்கள் ஐந்து பேருக்கும் பொருந்தவில்லை.

அன்று காலை நடந்தது இதுதான். நான் எல்லோரையும் விரைவாக நடக்கச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இருந்தும் பிள்ளைகளின் நாளைக் கெடுக்கக் கூடாது என்று வாய் திறக்காமல் கூடவே நடந்தார். சை-ஃபை சிட்டிக்கு வந்தபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டின் மேல் வியர்வை. மகள் ஏற முடியாத சவாரி, அம்மா ஏற விரும்பாத சவாரி, எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. இருவர் ஏறுவதற்காக ஐவர் ஓடியிருக்கிறோம். நாளின் மிகக் குளிர்ச்சியான, மிகக் காலியான மணி நேரத்தை இருவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் மினியன் லேண்டில் சின்னப் பிள்ளைகளின் ராட்டினம் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கும். பிறகு மகள் அதற்கு வெயிலில் வரிசையில் நின்றாள்.

இப்போது போனால் வாசலிலேயே இரண்டாகப் பிரிவோம். இரண்டு பேர் வலப்பக்கம், மூன்று பேர் இடப்பக்கம். இடப்பக்கம் திரும்பினால் மினியன் லேண்ட் அடுத்த வீடு மாதிரி.

12 மே 2025

ஒரு திருத்தம். பன்னிரண்டு மணிப் பலகை 50 நிமிடம் என்றேன். மகன் தான் எடுத்த படத்தைக் காட்டுகிறான்: 45. அவன் சொல்வதே சரி.

அக்கரைப்பற்று அண்ணன், "வரிசையில் நிற்கும் பிள்ளை என்னத்தைக் கற்கும்" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பாசிக்குடாவில் என்னத்தைக் கற்கிறது? கொஞ்சத் தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர் தாண்டாத அந்தக் கடலில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அது எனக்குப் போதும். அதே சிரிப்பைத்தான் இங்கேயும் தேடிப் போனேன்.

30 மே 2025

ஏறாவூர்த் தங்கை ஒருவர் வாந்தி பற்றிக் கேட்டார். கொழும்பு பஸ்ஸில் ஹபரணை தாண்டும் முன்பே அவருடைய மகனுக்குக் குமட்டுமாம். அப்படிப்பட்ட பிள்ளை ரோலர் கோஸ்டரில் ஏறலாமா?

அனுபவத்தில் சொல்கிறேன்: ரோலர் கோஸ்டரை விடத் திரைச் சவாரிதான் அதிகம் குமட்டும். எனக்கு அதில்தான் தலை சுற்றியது, அதற்குக் காரணம் இருக்கிறது. காதின் உட்புறத்தில் உடம்பின் அசைவை உணரும் திரவம் நிறைந்த குழாய்கள் இருக்கின்றன. திரையைப் பார்க்கும் கண் "பறக்கிறோம், விழுகிறோம்" என்கிறது. காதோ "கதிரை கொஞ்சம் ஆடுகிறது, அவ்வளவுதான்" என்கிறது. இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாதபோது வயிறு புரள்கிறது. பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் குமட்டுவதும் இதே காரணத்தால்தான், அங்கே முறை மட்டும் தலைகீழ். ரோலர் கோஸ்டரில் கண் பார்ப்பதும் உடம்பு உணர்வதும் ஒன்று.

ஆகவே திரைச் சவாரியைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். குமட்டல் தொடங்கியதும் முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், படம் இரட்டையாகி இன்னும் மோசமாகும். கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். நான் பாதியில் மூடினேன், அரை நிமிடத்தில் அடங்கியது.

இருக்கை விஷயமும் சொல்லிவிடுகிறேன், மகன் இதை எழுதச் சொல்லி நச்சரிக்கிறான். முன் பெட்டியில் இருந்தால் முன்னால் ஒன்றுமே இல்லை என்ற பயம். பின் பெட்டியில் இருந்தால் உடம்பு தூக்கி எறியப்படும் பயம். முன் பெட்டிகள் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கியதும் மொத்த வண்டியும் வேகமெடுக்கிறது. கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது அது ஏற்கெனவே இழுபட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அங்கே இருக்கையை விட்டு எழும்புவது போல இருக்கும். முதல் தடவை ஏறும் பிள்ளையை நடுப் பெட்டியில் இருத்துங்கள்.

15 ஜூன் 2025

மழை. இதை எப்படி இவ்வளவு நாள் எழுதாமல் விட்டேன்!

சித்திரையில் நம்மூரில் பகல் முழுக்கப் புழுங்கி, பின்னேரம் இடியோடு கொட்டுமே, சிங்கப்பூரிலும் அந்த மாதம் அதே கதை. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மின்னல் கிட்ட வந்தால் வெளியில் ஓடும் சவாரிகளை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். அதில் பேச்சுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆற்றுச் சவாரிக்கு நின்ற எங்கள் வரிசை கலைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எதுவும் ஓடவில்லை.

அன்று கற்றது: வெளியில் ஓடுவதைக் காலையில் முடியுங்கள், கூரைக்குள் ஓடுவதைப் பிற்பகலுக்கு வையுங்கள். இருட்டுக்குள் ஓடும் எகிப்துச் சவாரி, திரைச் சவாரி எல்லாம் மழையிலும் ஓடும். மழை விட்டதும் பத்து நிமிடம்தான் கிடைக்கும். சனம் கடைகளுக்குள் இருந்து வெளியே வருவதற்குள் நனைந்த வரிசையில் போய் நின்றுவிட வேண்டும். மகனும் கணவரும் அப்படித்தான் இரண்டாம் தடவை பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறினார்கள். தனியாக வருபவர்களுக்கென்று சில சவாரிகளில் தனி வரிசை உண்டு. வேறு வேறு பெட்டியில் இருக்கச் சம்மதம் என்றால் அதில் விரைவாக ஏறலாம். வரிசை தாண்டும் விரைவுச் சீட்டுக்கு ஐந்து பேருக்கும் காசு கட்ட எங்களால் முடியாது. அது இல்லாமலும் நாள் நிறைந்தது.

தண்ணீர் வாங்காதீர்கள். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். வெறும் போத்தல் கொண்டு போய் நிரப்புங்கள்.

26 ஜூலை 2025

நேற்று முன்தினம் ஆடி அமாவாசை. மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலுக்குப் போய்த் தீர்த்தமாடிவிட்டு வந்தோம். அங்கே அம்மாவோடு இருந்தபோதுதான் ஏப்ரலில் நடந்தது எனக்கு முழுதாக விளங்கியது. இரண்டு நாளாக இதை எழுத வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டிருக்கிறது.

அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமாங்கத்துக்கு மாட்டு வண்டியில் வருவார்களாம். அம்மப்பா வந்ததும் செய்யும் முதல் வேலை ஒரு மரத்தடியில் பாய் விரிப்பது. பாயில் யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். மற்றவர்கள் குளத்துக்கும், கோயிலுக்கும், வளையல் கடைக்கும், ராட்டினத்துக்கும் போய்ப் போய் வருவார்கள். "தொலைந்தால் தேடாதே, பாய்க்குத் திரும்பி வா" என்பாராம். பத்துப் பதினைந்து பேர், இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகள், அவ்வளவு சனத்திரள், ஒருவரும் தொலைந்ததில்லை.

ஏப்ரல் 16 அன்று என்ன நடந்தது? எகிப்து வாசலில் மகளைத் திருப்பி அனுப்பிய பிறகு, அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் இவளும் ஓர் இடத்தில் இருக்கிறோம், நீங்கள் போய் வாருங்கள்" என்றார். நியூயோர்க் பகுதியில் குளத்தைப் பார்த்தபடி நிழலாக ஓர் இருக்கை. அதில் போய் இருந்தார். மகளைத் தன் இரண்டு முழங்காலுக்கும் இடையில் நிறுத்தி, கலைந்து கிடந்த பின்னலை முழுதாக அவிழ்த்து, பல்லிடையில் ரிபனைக் கடித்துக்கொண்டு, மூன்று புரியாகப் பிரித்து மெதுவாகப் பின்னத் தொடங்கினார். அவசரமே இல்லை. மகள் அப்போதுதான் அழுதாள். பின்னி முடியும்போது அழுகையும் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அன்றைய நாளின் நடு அந்த இருக்கைதான். நாங்கள் போய்ப் போய் அங்கே திரும்பி வந்தோம். தண்ணீர் அங்கே, பை அங்கே, மாத்திரைப் பெட்டி அங்கே. ஒரே இடத்தில் இருந்ததால் அம்மா எங்களை விட அதிகம் பார்த்துவைத்திருந்தார். தெருவில் ஆட வருபவர்கள் எந்தப் பக்கத்தால் வருகிறார்கள், எந்த நேரத்தில் எந்தக் கடை வாசல் காலியாகிறது, சனம் எப்போது எழும்பி நீர் சாகசக் காட்சிக்குப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "இப்போது போனால் இடம் கிடைக்கும்" என்று அவர்தான் எங்களை லாஸ்ட் வேர்ல்டுக்குக் கிளப்பினார். முன் வரிசைகள் நனையும் இடம். சேலையோடு நாங்கள் மேலே ஏறி இருந்தோம். மகன் கீழே போய் நனைந்தான். அம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டேன். அப்பா போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் கண்டதில்லை.

அன்று அதை அம்மாவின் களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அது அம்மப்பாவின் பாய். பெரிய பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை இதுவாக இருந்திருக்க வேண்டும்: உள்ளே போனதும் பாய் விரிக்க ஓர் இடம் பாருங்கள். நிழல், பக்கத்தில் கழிப்பறை, பார்க்க ஏதாவது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்து நடக்க வேண்டாம். ஏப்ரல் 28 குறிப்பை அழிக்க மனமில்லை. ஆனால் அதை வாசிப்பவர்கள் இதையும் வாசிக்க வேண்டும்.

27 ஜூலை 2025

சிங்கப்பூர் அளவுக்குக் காசு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று வாழைச்சேனையில் இருந்து ஒரு கேள்வி. நியாயமான கேள்வி. கேரளத்தில் கொச்சிக்குப் பக்கத்தில் வொண்டர்லா 2000ஆம் ஆண்டில் இருந்து நடக்கிறது. இந்தியாவுக்கு விசா எடுக்க வேண்டும். நீர்ச் சவாரிகளுக்குப் பருத்தி உடுப்போடு விட மாட்டார்கள், நைலோன் நீச்சலுடை வேண்டும். நம் நாட்டுக்குள் என்றால் ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட் இருக்கிறது, பண்டாரகமையில் பேர்ல் பே இருக்கிறது. மகன் முதன்முதலில் பயத்தைப் போக்கியது நம் நாட்டு ராட்டினத்தில்தான். வெளிநாடு போக நினைப்பவர்களும் முதலில் இங்கே ஏற்றிப் பாருங்கள். உயரத்தில் பிள்ளை அழுகிறதா, இன்னும் ஒரு தடவை என்று கேட்கிறதா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

10 ஆகஸ்ட் 2025

என் மச்சாள் குடும்பம் நாளை மறுநாள் புறப்படுகிறது. இந்தக் குறிப்புகளை எல்லாம் அச்செடுத்துக் கொண்டு போகிறார். நம் ஆகஸ்ட் விடுமுறையில் சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும், ஏப்ரல் புத்தாண்டிலும் அப்படித்தான். அவர்களுடைய பெரிய விடுமுறைகள் ஜூனிலும் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் வரையிலும். அந்த மாதங்களைத் தவிருங்கள். டிசம்பரில் அங்கேயும் வாடைக்காற்று மழைதான். ஆகஸ்டில் 9ஆம் திகதி அவர்களின் தேசிய தினம், அதை ஒட்டிய நாட்கள் வேண்டாம். மச்சாளுக்கு 14ஆம் திகதி, வியாழக்கிழமை, குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

23 ஆகஸ்ட் 2025

மச்சாள் வந்துவிட்டார். என் குறிப்புகளில் இரண்டு பிழைகளோடு.

முதலாவது மழை. "வெளியில் ஓடுவதைக் காலையில்" என்று ஜூனில் எழுதினேன். அது ஏப்ரலுக்குப் பொருந்தும். ஆகஸ்டில் சுமாத்திராப் பக்கம் இருந்து இடிமழை வரிசையாக எழும்பி, விடியப்புறத்திலும் காலையிலும் காற்றோடு வந்து அடித்துவிட்டுப் போகும். சுமாத்திராக் காற்று என்றே அங்கே சொல்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மச்சாள் வாசலில் நின்றபோது கொட்டிக்கொண்டிருந்தது. வெளிச் சவாரி ஒன்றும் ஓடவில்லை. என் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கலங்கி நின்றிருக்கிறார். கடைசியில் அவருடைய மூத்த மகள்தான், "மாமி எழுதியதைத் தலைகீழாகச் செய்வோம் அம்மா" என்று கூரைச் சவாரிகளுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பிற்பகலில் வானம் வெளுத்து எல்லாம் ஓடியது. கெட்டிக்காரி. ஆகவே மாதத்தைப் பார்த்து முடிவெடுங்கள். முந்திய இரவு வானிலை பார்த்துவிட்டுப் படுங்கள்.

இரண்டாவது, பாய். நான் எழுதியபடி அவருடைய மாமியாரை நியூயோர்க் பகுதியில் இருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்து தனியாக மூன்று மணி நேரம்! மாமியாருக்குக் கைத்தொலைபேசி பழக்கமில்லை. பக்கத்தில் பேச ஆளில்லை. மனம் நொந்துவிட்டார். நான் எழுதியதில் ஒரு முக்கியமான வார்த்தை விடுபட்டிருக்கிறது. மாமாங்கத்துப் பாயில் ஒருவர் எப்போதும் இருப்பார் என்றேனே, அந்த ஒருவர் ஒரே ஆளாக இருந்ததில்லை. மாறி மாறி இருப்பார்கள். அம்மாவோடு என் மகள் இருந்தாள், பிறகு நான் இருந்தேன், பிறகு கணவர். வயதானவரைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போவது பாய் விரிப்பது ஆகாது. மச்சாளின் மாமியாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இஞ்சித் தேநீர் போட்டுத் தந்தார்.

24 ஆகஸ்ட் 2025

நேற்றையதோடு சேர்த்து வாசிக்க: அரை மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். பிள்ளைகளுக்கும் முறை உண்டு.

21 செப்டம்பர் 2025

அக்கரைப்பற்று அண்ணன் எழுதியிருக்கிறார். அடுத்த சித்திரையில் போகலாமா என்று வீட்டில் பேச்சாம், தாயாரையும் கூட்டிக்கொண்டு. தாயாருக்குச் சர்க்கரை வியாதி. ஊசி மருந்தைக் குளிர்ப் பையில் வைத்து, மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துப் போங்கள் அண்ணன், விமானத்தில் கீழே போடும் பெட்டிக்குள் வேண்டாம். பூங்காவுக்குள் சாப்பாட்டு நேரம் பிந்தும், எனவே தாயாரின் நேரத்தை வைத்து மற்றவர்களின் நேரத்தை அமையுங்கள். சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம். வெட்கப்பட வேண்டாம் என்று அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மகளை இன்று காலை அளந்தோம். புத்தகம் வைத்து, பின்னல் அவிழ்த்து, வெறுங்காலோடு. 123. பழைய பென்சில் கோட்டுக்கு அரை சென்றிமீற்றர் மேலே புதுக் கோடு. இம்முறை கோட்டைப் போட்டது கணவர், சரிபார்த்தது மகன். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, சீட்டில் இப்போதுதான் நாலாவது மாதம்.

அம்மாவிடம் இன்னொரு தடவை வருவீர்களா என்று கேட்டேன். குசினிக்குள் இருந்து, "அந்தத் தண்ணீர்க் காட்சிக்கு இந்த முறை கீழே போய் இருப்போம், மாற்றுச் சேலை கொண்டு வருகிறேன்" என்றார்.